குடும்பத்தோடு ஒரு பெருநகரம், ஒரே நாள்: திட்டம் போடுவதிலிருந்து திரும்பி வருவது வரை

தனியாகவோ நண்பர்களோடோ ஊர் சுற்றிப் பழகியவர்கள், முதல் தடவை குடும்பத்தோடு கிளம்பும்போதும் அதே பழைய திட்டத்தைத்தான் கையில் வைத்திருப்பார்கள்: ஆறு இடம், ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம். மதியம் இரண்டு மணிக்குள் அது படுத்துவிடும். சின்னது தூக்கச் சொல்லி அழும், பாட்டி உட்கார இடம் தேடுவார், அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பார்கள்.

ஒரு குடும்பத்தால் ஒரு நாளில் உருப்படியாகப் பார்க்க முடிவது இரண்டு பெரிய இடம், ஒரு சின்ன இடம். அந்த மூன்றை எந்த வரிசையில் வைப்பது, அதற்கு முன்னால் எதையெல்லாம் முடித்திருக்க வேண்டும் என்பதைக் கீழே சொல்கிறேன். உதாரணங்கள் பல ஊர்களிலிருந்து வரும். முறை எந்த ஊருக்கும் ஒன்றுதான்.

1. ஊரைப் பார்க்கும் முன் ஆட்களைப் பாருங்கள்

பெரும்பாலோர் முதலில் "பார்க்க வேண்டிய பத்து இடங்கள்" பட்டியலைத் திறக்கிறார்கள். அதற்கு முன் ஒரு தாளில் வருகிறவர்களின் பெயரை எழுதி, ஒவ்வொருவருக்கும் எதிரே மூன்று விஷயம் குறியுங்கள்: நிற்காமல் எவ்வளவு நேரம் நடக்க முடியும், எத்தனை மணிக்குக் கட்டாயம் சாப்பிட வேண்டும் அல்லது மாத்திரை போட வேண்டும், மதியம் தூங்குகிறவரா.

இதில் மிகக் குறைவாக நடக்கிறவர் யாரோ, அவருடைய அளவுதான் அந்த நாளின் அளவு. "அவரை எங்காவது உட்கார வைத்துவிட்டு நாம் பார்த்து வரலாம்" என்ற யோசனை தாளில் நன்றாக இருக்கும். நடைமுறையில், உட்கார வைத்தவரைத் தேடித் திரும்பி வருவதிலேயே அரை மணி நேரம் போய்விடும். அவருக்கும் மனசு வலிக்கும்.

அப்புறம், ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு ஆசையைக் கேளுங்கள், குழந்தைகளையும் சேர்த்து. எல்லாவற்றையும் நிறைவேற்ற முடியாதுதான். ஆனால் ஆறு வயதுப் பையனின் ஆசை பெரும்பாலும் இரண்டு மாடிப் பேருந்தின் முன்சீட்டாகவோ படகாகவோ இருக்கும். அதற்குத் தனியாக நேரமே வேண்டாம், வழியிலேயே முடிந்துவிடும். கேட்காமல் விட்டால் நாள் முழுக்க முனகல்தான்.

2. கிழமையை முடிவு செய்யுங்கள்

இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கிழமையைப் பார்ப்பது தலைகீழ் வேலை. பெரிய அருங்காட்சியகங்களும் நினைவுச் சின்னங்களும் வாரத்தில் ஒரு நாள் மூடியிருக்கும், அந்த நாள் இடத்துக்கு இடம் மாறும். பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை, அதே ஊரில் ஒர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள். டெல்லியில் செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், அக்‌ஷர்தாம் கோயில் மூன்றுமே திங்களன்று கிடையாது. டெல்லியிலிருந்து ஒரு நாள் ஆக்ரா போய் வரலாம் என்று நினைத்தால், தாஜ்மஹால் வெள்ளிக்கிழமை திறக்காது.

இதோடு இன்னும் இரண்டு சங்கதிகளைப் பாருங்கள். முதலாவது, கடைசி அனுமதி நேரம். ஆறு மணிக்கு மூடுவார்கள் என்றால் ஐந்து மணிக்கே வாசலில் நிறுத்திவிடும் இடங்கள் நிறைய. மூடும் நேரத்தை மட்டும் குறித்து வைத்துக்கொண்டு போய், வாசலில் நின்று காவலாளியிடம் கெஞ்சுகிறவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம்.

இரண்டாவது, இலவச நாள். வத்திக்கான் அருங்காட்சியகங்கள் ஞாயிறு மூடியிருக்கும், மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் பொதுவாக இலவசமாகத் திறக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அன்று ஊரே அங்கே நிற்கும். தனியாள் என்றால் போய்ப் பார்க்கலாம். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பதற்கு அது நாளல்ல. மிச்சப்படுத்தும் பணத்துக்கு மூன்று மணி நேரம் கொடுக்கிறீர்கள் என்பது என் கணக்கு.

3. ஒரே ஒரு நேரத்தை மட்டும் முன்பதிவு செய்யுங்கள்

இந்தப் படியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இப்போது பெரிய இடங்கள் பலவற்றில் நேரம் குறித்த டிக்கெட்தான். சில இடங்களில் வாசலில் விற்பனையே கிடையாது. ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் இல்லத்துக்கு (நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதிய சிறுமியின் மறைவிடம்) இணையத்தில் மட்டும்தான் டிக்கெட். ஒவ்வொரு செவ்வாயும், ஆறு வாரம் தள்ளியுள்ள வாரத்துக்கானதைத் திறந்துவிடுவார்கள், வேகமாகத் தீர்ந்துவிடும். ஆகவே விமான டிக்கெட் எடுத்த அன்றே, நீங்கள் பார்க்க நினைக்கும் முதல் இடத்துக்கு எப்போது முன்பதிவு திறக்கிறது என்று பார்த்து நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

ஒரு நாளுக்கு ஒரு நேரப் பதிவு போதும். இரண்டு பதிவு செய்தால், முதல் இடத்தில் இருக்கும்போதே இரண்டாவதின் கடிகாரம் தலைக்குள் ஓட ஆரம்பித்துவிடும். குழந்தை ஒரு சிற்பத்தின் முன்னால் ஆசையாக நிற்கும்போது கையைப் பிடித்து இழுக்க வேண்டிவரும். இரண்டாவது பதிவைத் தவிர்க்கவே முடியாது என்றால், முதல் இடம் முடியும் என்று நீங்கள் நினைக்கும் நேரத்துக்கும் அதற்கும் நடுவே குறைந்தது மூன்று மணி நேரம் விடுங்கள். அதில் சாப்பாடு, ஓய்வு, பயணம் மூன்றும் அடங்க வேண்டும்.

பதிவு செய்யும்போது அடிக்கடி நடக்கும் தவறுகள்:

இலவசக் குழந்தைக்கு டிக்கெட் எடுக்காமல் விடுவது. ரோமின் கொலோசியத்தில் 18 வயதுக்குக் கீழே இலவசம், ஆனால் அவர்களுக்கும் டிக்கெட் பதிவு செய்தாக வேண்டும். டிக்கெட்டில் பெயர் இருக்கும், வாசலில் அடையாள ஆவணம் கேட்பார்கள். பெற்றோர் இருவருக்கு மட்டும் எடுத்துவிட்டுப் பிள்ளைகளோடு வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு அந்த நேரத்தில் வேறு வழி இருக்காது. பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே அடியுங்கள். இனிஷியலை முன்னால் போட்டுப் பழகிய நமக்கு இந்த இடத்தில்தான் குழப்பம் வரும்.

அதிகாரபூர்வத் தளம் என்று நினைத்து வேறு தளத்தில் வாங்குவது. தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம். பெயரும் படமும் அசலைப் போலவே இருக்கும், விலை மட்டும் கூடுதல். அந்த இடத்தின் சொந்தத் தளத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து டிக்கெட் பக்கத்துக்குப் போங்கள். அசல் தளத்தில் தீர்ந்துபோயிருந்தால் மட்டும் மற்றவர்களைப் பாருங்கள்.

"வரிசையில் நிற்க வேண்டாம்" என்ற சொல்லை அப்படியே நம்புவது. அந்த டிக்கெட் தாண்ட வைப்பது டிக்கெட் வாங்கும் வரிசையை மட்டும்தான். பாதுகாப்புச் சோதனை வரிசை எல்லோருக்கும் பொது. நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலைக்கான டிக்கெட்டில் இருக்கும் நேரம் படகு கிளம்பும் நேரம் அல்ல, சோதனை வரிசைக்குள் நுழையும் நேரம். அதற்குப் பிறகு சோதனை, அப்புறம் படகு வரிசை. இதைத் தெரிந்துகொள்ளாமல் மதிய சாப்பாட்டு நேரத்தைக் கணக்குப் போட்டால் பசியோடு நிற்க வேண்டியதுதான்.

4. மற்ற இரண்டையும் அதன் பக்கத்திலேயே தேடுங்கள்

பதிவு செய்த இடத்தை மேப்பில் வைத்து, அதிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் அடுத்த இரண்டையும் தேர்ந்தெடுங்கள். ஊரின் மறுகோடியில் எவ்வளவு அழகான இடம் இருந்தாலும் இன்றைக்கு வேண்டாம். பெருநகரத்தில் நேரத்தைத் தின்பது தூரத்தை விட, ஏறி இறங்கும் வேலைதான்.

மேப் காட்டும் நேரம் தனியாக வேகமாக நடக்கிறவருக்கானது. குடும்பத்துக்கு அதை ஒன்றரை மடங்காக்குங்கள், குழந்தைத் தள்ளுவண்டி இருந்தால் இரு மடங்கு. ரயில் நிலையத்துக்குள் நடக்கும் தூரத்தையும் சேருங்கள். டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்தில் இருநூறுக்கும் மேல் வெளிவாசல்கள் உண்டு, தவறான வாசலில் ஏறிவிட்டால் வெளியே பத்து நிமிடம் சுற்ற வேண்டும். அதனால் எந்த நிலையம் என்பதோடு எந்த வாசல் என்பதையும் முதல் நாளே எழுதி வையுங்கள்.

முதியவரோ தள்ளுவண்டியோ இருந்தால் லிஃப்ட் உள்ள நிலையமா என்று பாருங்கள். பாரிஸ் மெட்ரோவின் பழைய வழித்தடங்களில் பெரும்பாலான நிலையங்களில் லிஃப்ட் கிடையாது, படிக்கட்டுதான். அப்படிப்பட்ட ஊரில் பேருந்து நல்லது. கொஞ்சம் மெதுவாகப் போகும், ஆனால் உட்கார்ந்தபடியே ஊரையும் பார்க்கலாம்.

5. போக்குவரத்துக் கட்டணத்தின் விதியை முதல் நாளே படியுங்கள்

தடுப்புக் கதவின் முன்னால் நின்று படித்தால் பின்னால் வருகிறவர்கள் முறைப்பார்கள். ஊருக்கு ஊர் விதி வேறு. லண்டன் சுரங்க ரயிலில் பெரியவர்கள் ஆளுக்கொரு கார்டு வைத்திருக்க வேண்டும், ஒரே கார்டை இரண்டு பேருக்குத் தேய்க்க முடியாது. 11 வயதுக்குக் கீழுள்ள குழந்தைகள் பெரியவரோடு வந்தால் இலவசம், ஒரு பெரியவருக்கு நான்கு பேர் வரை. உள்ளே நுழையும்போது போனைக் காட்டிவிட்டு வெளியேறும்போது கார்டைக் காட்டினால், இரண்டும் வெவ்வேறு ஆட்களாகக் கணக்காகிக் கூடுதல் பணம் பிடிக்கும். இரண்டும் ஒரே வங்கிக் கணக்காக இருந்தாலும் அப்படித்தான்.

நாள் முழுக்கச் செல்லும் பாஸ் எப்போதும் லாபம் என்று நினைக்க வேண்டாம். மேலே சொன்னபடி மூன்று இடமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நீங்கள் ஏறப்போவது இரண்டு மூன்று தடவைதான். கூட்டிப் பாருங்கள்.

6. முந்தின இரவு வேலைகள்

டிக்கெட்டுகளை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து இரண்டு போன்களில் வையுங்கள். ஒரு போனில் சார்ஜ் தீர்ந்துபோனாலும் போன் தொலைந்தாலும் இன்னொன்று இருக்கும். ஊரின் மேப்பை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள், சுரங்க நிலையங்களில் சிக்னல் விட்டுவிட்டு வரும். பவர் பேங்க்கைச் சார்ஜில் போடுங்கள். காலையில் போட்டால் பாதிதான் ஏறியிருக்கும்.

பையைச் சின்னதாக வையுங்கள். லூவ்ரில் 55 x 35 x 20 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பையை உள்ளேயே விடமாட்டார்கள். அக்‌ஷர்தாமில் போன், கேமரா எதுவுமே உள்ளே போகாது, வாசலில் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். ஒப்படைக்க ஒரு வரிசை, திரும்ப வாங்க ஒரு வரிசை. உள்ளே பிரிந்தால் போனில் கூப்பிடவும் முடியாது. அப்படிப்பட்ட இடத்துக்குப் போகும் முன் சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் வாயால் பேசி முடித்துவிடுங்கள், எல்லோர் கையிலும் கடிகாரம் இருக்கட்டும்.

உடை விதியையும் பாருங்கள். வத்திக்கானின் புனித பேதுரு பேராலயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆண் பெண் இருவருக்கும். வெயில் ஊர் என்று அரைக்கால் சட்டையோடு கிளம்பும் அப்பாக்கள்தான் இங்கே மாட்டுகிறவர்கள்.

புதுச் செருப்பு, புது ஷூ எதையும் இந்த நாளில் முதன்முதலாகப் போடக் கூடாது. இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அப்புறம் போட்டோவில் நன்றாக இருக்கும் என்று அதையே போட்டுக்கொண்டு வருவார்கள். பிளாஸ்திரியாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

7. காலை: பெரிய இடம் முதலில்

திறக்கும் நேரத்துக்கு அரை மணி முன்னால் வாசலில் இருங்கள். சுற்றுலாப் பேருந்துக் குழுக்கள் பொதுவாகப் பத்து, பதினொன்றுக்கு வந்து இறங்கும். அதற்குள் நீங்கள் முக்கியமானதைப் பார்த்து முடித்திருப்பீர்கள். குழந்தைகளின் பொறுமையும் பெரியவர்களின் முழங்காலும் காலையில்தான் நம் பக்கம்.

கிளம்பும் முன் குழந்தைகளை அன்றைய உடையில் ஒரு போட்டோ எடுங்கள். கூட்டத்தில் காணாமல் போனால் "என்ன நிறச் சட்டை" என்று யோசித்துத் தடுமாற வேண்டாம், காட்டினால் போதும். சின்னக் குழந்தையின் சட்டைப் பையில் உங்கள் போன் நம்பரை எழுதிய சீட்டு வையுங்கள், நாட்டுக் குறியீட்டோடு. "எங்களைக் காணவில்லை என்றால் நின்ற இடத்திலேயே நில், சீருடை போட்டவரிடம் சொல்" என்று சொல்லிக் கொடுங்கள். தேடி நடக்க ஆரம்பிக்கும் குழந்தையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

8. உள்ளே: எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள்

உள்ளே போனதும் முதல் வேலை கழிப்பறை. யாருக்கும் வரவில்லை என்றாலும் போய் வாருங்கள். நடுவில் தேடினால் மூன்று மாடி இறங்கி ஏற வேண்டியிருக்கும், சில இடங்களில் வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள்.

பெரிய அருங்காட்சியகத்தில் ஐந்து பொருள்களை முன்கூட்டியே தேர்ந்தெடுங்கள். அதில் மிகப் பிரபலமானதை முதலில் பாருங்கள், கூட்டம் சேரச் சேர அதன் அருகே போவது கஷ்டம். லூவ்ரில் மோனாலிசா இருக்கும் டெனான் பகுதிக்குத்தான் எல்லோரும் போவார்கள். முதலில் அதை முடித்துவிட்டால் அதற்கப்புறம் எதிர்த்திசையில் காலியான கூடங்கள் கிடைக்கும். குழந்தைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: ஓவியங்களில் எத்தனை நாய் வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். நாயைத் தேடும் சாக்கில் படத்தை ஒழுங்காகப் பார்த்துவிடுவார்கள், பெரியவர்களை விட நன்றாகவே.

ஒன்றரை மணி நேரம் போதும். ஐந்தும் முடிந்துவிட்டால் வெளியே வாருங்கள். "இவ்வளவு பணம் கொடுத்தோமே" என்று இன்னொரு மாடி ஏறும் இடத்தில்தான் மதியத்தின் சண்டை தொடங்குகிறது.

9. மதிய சாப்பாடு: பசிக்கும் முன்

பன்னிரண்டுக்கு முன்பே உட்கார்ந்துவிடுங்கள். ஊர் சாப்பிடும் நேரத்தில் ஐந்தாறு பேருக்குச் சேர்த்து ஒரே மேசை கிடைப்பது அரிது. வாசலுக்கு நேரெதிரே உள்ள கடையில் உட்கார வேண்டாம், இரண்டு தெரு தள்ளிப் போனால் கூட்டமும் விலையும் குறையும். எங்கே என்பதை முதல் நாளே பார்த்து வையுங்கள், இரண்டு தேர்வுகள் போதும். பசியோடு நின்று ஓட்டெடுப்பு நடத்தினால் யாரும் ஜெயிக்க மாட்டார்கள்.

10. மதியம்: உட்காரும் நேரம்

இதைத் திட்டத்தில் எழுதாதவர்கள்தான் அதிகம். இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை யாரும் நடக்காத மாதிரி ஏதாவது செய்யுங்கள். தங்கும் அறை பக்கத்தில் இருந்தால் போய்ப் படுத்து எழுவதுதான் முதல் தேர்வு. "ஊருக்கு வந்து தூங்குவதா" என்று யாராவது கேட்பார்கள். அவர்தான் முதலில் குறட்டை விடுவார்.

அறை தொலைவில் இருந்தால் மர நிழல் உள்ள பூங்கா, அல்லது படகு. நியூயார்க்கில் ஸ்டேட்டன் தீவுக்குப் போகும் படகு இலவசம். ஒரு பக்கம் செல்ல சுமார் 25 நிமிடம், சுதந்திர தேவி சிலையைத் தொலைவிலிருந்து பார்த்தபடியே போகும். அந்தச் சிலைத் தீவில் இறங்கியே ஆக வேண்டும் என்ற ஆசை இல்லாத குடும்பத்துக்கு நான் சொல்வது இதைத்தான்: மூன்றாம் படியில் சொன்ன டிக்கெட், சோதனை, வரிசை எதுவும் வேண்டாம், எல்லோரும் உட்கார்ந்துகொள்ளலாம்.

எந்த நிறுத்தத்திலும் ஏறி இறங்கும் சுற்றுலா மாடிப் பேருந்துக்கு டிக்கெட் வாங்கினால், அதை ஊர் பார்க்கும் சவாரியாக மட்டும் பயன்படுத்துங்கள்: ஒரு தடவை ஏறி, ஒரு சுற்று சுற்றி இறங்குவது. போக்குவரத்துக்கு நம்பினால், நிறுத்தத்தில் காத்திருப்பதும் நெரிசலில் மாட்டுவதும்தான் மிச்சம்.

11. மாலை: ஒரே உயரமான இடம்

நகரத்தை மேலிருந்து பார்க்கும் கோபுரம் இருந்தால் மாலைக்கு வையுங்கள். சூரியன் மறைவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்னால் மேலே இருந்தால், பகல் வெளிச்சம், அஸ்தமனம், விளக்குகள் மூன்றையும் ஒரே டிக்கெட்டில் பார்த்துவிடலாம். துபாயின் புர்ஜ் கலீஃபா போன்ற இடங்களில் அந்த நேரத்துக்கு விலை கூடுதல். உங்கள் ஒரே முன்பதிவை இதற்கு வைத்துக்கொள்வதானால், காலையில் பதிவு தேவைப்படாத இடத்துக்குப் போங்கள்.

கட்டணமே வேண்டாம் என்றால் ஆற்றங்கரையோ பெரிய சதுக்கமோ போதும். குழந்தைகளுக்கு ஓட இடம் இருக்கும், அதற்குள் அவர்களுக்கு அதுதான் தேவையாக இருக்கும்.

12. எதைக் கைவிடுவது என்பதை வரிசைப்படுத்தி வையுங்கள்

மழை வரும், ரயில் நிற்கும், ஒருவருக்கு வயிறு சரியில்லாமல் போகும். அந்த நேரத்தில் எதை விடுவது என்று தெருவில் நின்று பேசினால், குரல் உயர்ந்தவர் சொன்னதுதான் நடக்கும். அதனால் முந்தின இரவே முடிவெடுங்கள்: முதலில் விடுவது சின்ன இடம், அடுத்தது கோபுரம் அல்லது மாலை நடை. மதிய ஓய்வைக் கடைசி வரை விடக் கூடாது. புதியவர்கள் முதலில் விடுவது அதைத்தான், "நேரத்தை மிச்சம் பிடிக்கலாம்" என்று.

திரும்பும் நேரத்தையும் இப்போதே குறியுங்கள். அலுவலகம் விடும் நேரத்தில் தூங்கும் குழந்தையோடு ரயில் ஏறுவது முடியாத காரியம். ஒன்று அதற்கு முன் கிளம்புங்கள், இல்லை அங்கேயே இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு எட்டு மணிக்கு மேல் ஏறுங்கள். கடைசிப் பயணத்துக்கு மட்டும் டாக்ஸிக்குப் பணம் ஒதுக்கி வையுங்கள், அறையின் முகவரியை அந்த ஊர் எழுத்திலேயே ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வரவேற்பு மேசையில் கேட்டால் கொடுப்பார்கள்.